மெக்சிகோவின் தெருவோர மக்காச்சோளம்: வீட்டில் எலோத்தேயும் எஸ்கித்தேஸும் செய்யும் முறை

மெக்சிகோவின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் பொழுது சாயும் வேளையில் பூங்கா முனையிலும் தேவாலய வாசலிலும் ஆவி பறக்கும் பெரிய பானையுடன் ஒரு தள்ளுவண்டி வந்து நிற்கும். வண்டிக்காரர் பானையிலிருந்து வெந்த மக்காச்சோளக் கதிரை எடுத்து, அடியில் ஒரு குச்சியைச் செருகி, மயோனைஸைக் கதிர் முழுவதும் தடவி, துருவிய பாலாடைக்கட்டியில் புரட்டி, மேலே மிளகாய்த்தூளைத் தூவி, எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து தருவார். இது எலோத்தே. இதையே முத்துகளாக உதிர்த்து, வேகவைத்த சாற்றுடன் கோப்பையில் இட்டுக் கரண்டியுடன் தந்தால் அது எஸ்கித்தேஸ். மிளகாய்த்தூளில் கைவைப்பதற்கு முன் “காரமானதா, காரமில்லாததா?” என்று அவர் கேட்பது அங்கே வழக்கம், வண்டியில் இரண்டு தூள்களும் தனித்தனிப் புட்டிகளில் இருக்கும். இந்த இரண்டு பண்டங்களையும் முதன்முறையாக வீட்டில் செய்ய விரும்புவோர் எதை வாங்க வேண்டும், எதற்கு எது ஈடாகும், எந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

தொடங்குமுன் இரண்டு தவறான எண்ணங்களைக் களைந்துவிடுவது நல்லது. முதலாவது, இதற்கு ஸ்வீட் கார்ன்தான் வேண்டும் என்பது. மெக்சிகோவின் தெருவண்டிகளில் பெரும்பாலும் விற்கப்படுவது இனிப்பு வகை அன்று. சாதாரண வெள்ளை மக்காச்சோளத்தை முற்றுவதற்கு முன்னரே பறித்து வேகவைக்கிறார்கள். எஸ்கித்தேஸுக்குச் சிலர் ககவசின்த்லே என்னும் பெரிய முத்து வகையைப் பயன்படுத்துகிறார்கள். இவற்றில் மாவுச்சத்து மிகுதி, இனிப்புக் குறைவு. மெல்லும்போது பல்லுக்கு வேலை இருக்கும். உப்பும் புளிப்பும் கொழுப்பும் காரமும் ஒருசேர வந்து உட்காருவதற்கு இந்த மந்தமான மாவுச்சுவைதான் ஏற்ற அடித்தளம். இரண்டாவது, கதிரைக் கட்டாயம் தணலில் சுட வேண்டும் என்பது. சுட்ட கதிரும் அங்கே உண்டு, ஆனால் அதற்குப் பெரும்பாலும் எலுமிச்சையும் உப்பும் மிளகாயும் மட்டுமே போதும் என்று விட்டுவிடுவார்கள். மயோனைஸும் பாலாடைக்கட்டியும் பெரும்பாலும் வேகவைத்த கதிருக்கே உரியவை. கரியச் சுட்ட கதிரின்மேல் எல்லாவற்றையும் பூசுவது அமெரிக்க உணவகங்கள் பரப்பிய பாணி. அதிலும் சுவை இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

கதிரைத் தேர்ந்தெடுத்தல்

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. கடற்கரையிலும் பேருந்து நிலையத்திலும் சுட்டு விற்கப்படும் நாட்டு மக்காச்சோளம், பெட்டிக்குள் அடைத்து வரும் ஸ்வீட் கார்னைவிட மெக்சிகோக் கதிருக்கு நெருக்கமானது. பெரம்பலூர்ப் பக்கத்தில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி காய்ந்த மணியாகக் கோழித் தீவனத்துக்குப் போய்விடுகிறது. இருப்பினும் பருவத்தில் பச்சைக் கதிர்கள் காய்கறிச் சந்தைகளுக்கும் வரும். மஞ்சளாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். நிறத்தைவிடப் பருவமே முக்கியம்.

வாங்கும்போது தோகையைச் சிறிது விலக்கி, நடுப்பகுதியில் உள்ள ஒரு முத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். தெளிந்த நீர் வந்தால் கதிர் இன்னும் பிஞ்சு. வெள்ளையாகப் பால் தெறித்தால் அதுவே நமக்கு வேண்டிய பருவம். பால் வராமல் மாவு போல நகத்தில் ஒட்டினால் முற்றத் தொடங்கிவிட்டது. அதை எஸ்கித்தேஸுக்கு வைத்துக்கொள்ளலாம். நகமே இறங்கவில்லை என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எத்தனை விசில் விட்டாலும் அது இதற்கு உதவாது. நுனியில் தொங்கும் நார் பழுப்பாகக் காய்ந்திருந்தாலும், தோகைக்குள் இருக்கும் பகுதி ஈரமாக இருப்பது நல்ல அடையாளம்.

ஸ்வீட் கார்ன் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் அதிலும் செய்யலாம். இயற்கையில் தோன்றிய ஒரு மரபணுப் பிறழ்வினால் அதன் முத்துகளில் சர்க்கரை முழுமையாக மாவுச்சத்தாக மாறுவதில்லை. அதனால்தான் அந்த இனிப்பு. அதனுடன் இனிப்பு கலந்த மயோனைஸும் சேர்ந்தால் பண்டம் திகட்டிவிடும். ஆகையால் எலுமிச்சையையும் உப்பையும் சற்றுத் தாராளமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு கதிருக்கு வேண்டியவை

மயோனைஸ் 4 மேசைக்கரண்டி, கட்டியான க்ரீம் 2 மேசைக்கரண்டி, உதிரியான உப்புப் பாலாடைக்கட்டி 80 முதல் 100 கிராம், மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, சாறுள்ள எலுமிச்சை 2, தேவையான அளவு உப்பு, கைப்பிடிக்கு ஏற்ற தடித்த மூங்கில் குச்சிகள் நான்கு. பட்டியல் இவ்வளவே. பூண்டுத்தூள், சீரகத்தூள், டாக்கோ மசாலா போன்றவற்றைப் பல செய்முறைகள் சேர்க்கச் சொல்கின்றன. தெருவண்டியில் அவற்றுக்கு இடமில்லை, நம் வீட்டிலும் தேவையில்லை.

பாலாடைக்கட்டி

இந்தப் பண்டத்தில் ஈடுகட்ட மிகவும் கடினமான பொருள் இதுதான், ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மிச்சோவாக்கான் மாநிலத்தில் உள்ள கொத்தீஹா என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய பாலாடைக்கட்டியே எலோத்தேக்குப் பேர்போனது. பசும்பாலில் செய்து, உப்பேற்றி, மாதக்கணக்கில் பதப்படுத்தப்படும் இது உலர்ந்தும் உதிரியாகவும் இருக்கும். சூட்டில் இளகி நூலாக ஓடாது. கதிரைப் புரட்டி எடுக்கும்போது ஈர மணல் போல முத்துகளின் இடுக்குகளில் ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்று குணங்களும், அதாவது உப்பு, உலர்ச்சி, இளகாமை ஆகியவை, எதில் இருக்கின்றனவோ அதுவே நல்ல மாற்று. மொசரெல்லாவிலும் கட்டியாக விற்கும் பதப்படுத்திய சீஸிலும் இவை இல்லை. சூடான கதிரில் பட்டதும் அவை இளகிப் பசையாகிவிடும்.

பெருநகரக் கடைகளில் கிடைக்கும் ஃபெட்டா உப்புநீரில் ஊறியது. அதைத் துணியில் ஒற்றியெடுத்து, கையால் உதிர்த்து, தட்டில் பரப்பிக் குளிர்பெட்டியில் சில மணி நேரம் திறந்து வைத்தால் ஈரம் போய்விடும். ஃபெட்டாவுக்கே புளிப்பு அதிகம் என்பதால் எலுமிச்சையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பார்மேசனைத் துருவிப் பயன்படுத்துவோரும் உண்டு. உப்பும் உலர்ச்சியும் பொருந்தும், ஆனால் அதன் மணம் தனியாகத் தூக்கி நிற்கும். இத்தாலியின் அசல் பார்மேசனில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது என்பதைச் சைவ உணவினர் அறிந்திருப்பது நல்லது.

எளிதில் கிடைப்பது பனீர். அதை அப்படியே தூவினால் சப்பென்று இருக்கும். முந்தைய நாள் மாலை 200 கிராம் பனீரை நன்றாக உதிர்த்து, ஒரு தேக்கரண்டி உப்பையும் சில சொட்டு எலுமிச்சைச் சாற்றையும் பிசிறி, சுத்தமான பருத்தித் துணியின்மேல் மெல்லியதாகப் பரப்பி, மூடாமல் இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் அது சுருங்கி, விரலில் ஒட்டாத பொடிமாஸாக மாறியிருக்கும். வாயில் போட்டால், தனியே தின்ன முடியாத அளவுக்குச் சற்றே உப்பு மிகுந்திருக்க வேண்டும். கதிரில் சேரும்போது அது சரியாகிவிடும். செலவையும் சுவையையும் சேர்த்துப் பார்த்தால் என் தேர்வு இந்தப் பனீர்தான்.

மிளகாய்த்தூள்

மெக்சிகோ வண்டிகளில் உள்ள காரத்தூள் பெரும்பாலும் பிக்கீன் அல்லது ஆர்போல் வகை மிளகாயிலிருந்து வரும். காரம் குறைந்ததற்குக் குவாஹீயோ போன்ற, நிறமும் பழமணமும் உள்ள மிளகாய் உதவும். நம்மிடம் காஷ்மீரி மிளகாய் நிறத்துக்கும் முண்டு மிளகாய் காரத்துக்கும் இருக்கின்றன. காஷ்மீரி மிளகாய் ஆறு, முண்டு மிளகாய் இரண்டு எடுத்துக் காம்பையும் விதையையும் நீக்குங்கள். வெறும் தோசைக்கல்லைச் சிறு தீயில் சூடாக்கி, மிளகாயைக் கரண்டியால் அழுத்தியபடி ஒவ்வொரு பக்கமும் சில விநாடிகள் வாட்டினால் போதும். மணம் எழுந்தவுடன் எடுத்துவிட வேண்டும். கறுத்துப்போனால் கசக்கும், அந்தக் கசப்பை மயோனைஸ் மறைக்காது. ஆறியபின் அரை தேக்கரண்டி உப்புடன் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். காரம் குறைவாக வேண்டுமானால் முண்டு மிளகாயை விட்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: மல்லியும் மஞ்சளும் சேர்த்து மில்லில் அரைத்து வீட்டில் வைத்திருக்கும் குழம்பு மிளகாய்த்தூளை எடுத்துத் தூவிவிடாதீர்கள். பச்சை மல்லித்தூளின் வாடை பண்டத்தையே வேறொன்றாக்கிவிடும்.

ஹலிஸ்கோ மாநிலத்தில் 1985 முதல் தயாரிக்கப்படும் தஹீன் என்னும் தூள் இப்போது இணைய அங்காடிகளிலும் கிடைக்கிறது. மிளகாய், உப்பு, உலர்த்திய எலுமிச்சை மூன்றும் அதிலேயே இருப்பதால், அதைப் பயன்படுத்தினால் தனியாக உப்புச் சேர்க்க வேண்டியதில்லை.

மயோனைஸ், க்ரீம், எலுமிச்சை

கடையில் முட்டையில்லா மயோனைஸ் வாங்குவோர் பொருட்பட்டியலைப் பார்த்துச் சர்க்கரை குறைந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முட்டை சேர்ந்ததை விரும்புவோர் ஆலையில் கிருமிநீக்கம் செய்து அடைத்ததையே வாங்குவது பாதுகாப்பானது. பச்சை முட்டையில் வீட்டிலேயே அடிப்பதை இந்த வெயிலில் நான் பரிந்துரைக்க மாட்டேன். பச்சை முட்டை மயோனைஸின் விற்பனைக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததும் சால்மொனெல்லா போன்ற கிருமிகளின் அபாயத்தால்தான்.

மெக்சிகோவில் க்ரேமா என்னும் இளம்புளிப்புக் க்ரீமையும் தடவுவார்கள். ஒரு மேசைக்கரண்டி சமையல் க்ரீமையும் ஒரு மேசைக்கரண்டி வடிகட்டிய கட்டித் தயிரையும் ஒரு சிட்டிகை உப்புடன் கலந்து இரண்டு மணி நேரம் வைத்தால் அதற்கு ஓரளவு நெருங்கி வரும். தயிர் புதிதாக இருக்கட்டும். புளித்த தயிர் மோர்க்குழம்பை நினைவூட்டும்.

எலுமிச்சையில் சிக்கலே இல்லை. மெக்சிகோவில் பயன்படும் மெல்லிய தோலுடைய சிறு எலுமிச்சையும் நம் ஊர் எலுமிச்சையும் ஒரே இனம். ஆசியாவிலிருந்து ஸ்பானியர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. மக்காச்சோளமும் மிளகாயும் எதிர்த்திசையில் இங்கே வந்தன.

வேகவைத்தல்

தோகைகளில் உட்புறத்து இளம் இலைகள் சிலவற்றைக் கழுவி எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றையும் நாரையும் முழுமையாக நீக்குங்கள். முத்துகளின் இடையே சிக்கிய நாரைக் காய்ந்த துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்தால் வந்துவிடும். அகலமான பாத்திரத்தில் கதிர்கள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வைத்து, எடுத்து வைத்த தோகையால் மேலே மூடிவிடுங்கள். வண்டிகளிலும் இப்படித்தான் செய்வார்கள், தோகையின் பச்சை மணம் கதிரில் ஏறும். மெக்சிகோ நகரத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் தெஸ்கோகோ ஏரிப் படுகையில் கிடைக்கும் தெகெஸ்கித்தே என்னும் காரத்தன்மையுள்ள கனிம உப்பைச் சிறிது போடுவதுண்டு. முத்தின் தோல் மென்மையாகும் என்பதற்காக. அதற்கு ஈடாக 3 லிட்டர் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி ஆப்பசோடா போதும். கூடினால் சோப்பு வாடை வரும்.

பால் பிடித்த நாட்டுக் கதிர் திறந்த பாத்திரத்தில் வேக 30 முதல் 45 நிமிடம் ஆகும். குக்கரில் 4 அல்லது 5 விசில். ஸ்வீட் கார்னுக்கு 6 அல்லது 7 நிமிடக் கொதியே போதும், அதற்கு மேல் வைத்தால் சுருங்கிவிடும். வெந்தபின் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, கதிரை அதிலேயே 10 நிமிடம் ஊறவிடுங்கள். ஒரு முத்தைக் கிள்ளித் தின்று பாருங்கள்: தோல் பல்லில் வெடித்து, உள்ளே மாவு கட்டியில்லாமல் கரைய வேண்டும்.

சுட்ட வகை வேண்டும் என்றால், பாதி வெந்த கதிரைத் துடைத்து, அடுப்புத் தீயின்மேல் கம்பி வலை வைத்துத் திருப்பித் திருப்பி வாட்டுங்கள். முத்துகள் வெடித்துத் தெறிக்கும் என்பதால் முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம். அங்கங்கே கருமை விழுந்ததும் எடுத்து, பாதி எலுமிச்சையை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தோய்த்து, சாறு இறங்கும்படி கதிரின்மேல் அழுத்தித் தேய்த்துச் சாப்பிடலாம்.

பூசுதல்

வேகவைத்த எலோத்தேயில் புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். தண்ணீரிலிருந்து எடுத்த கதிரை நன்றாக உதறி, சல்லடையில் நிறுத்தி இரண்டு நிமிடம் ஆவி போகவிடுங்கள். மேற்பரப்பில் ஈரம் இருந்தால் மயோனைஸ் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு தட்டில் இறங்கிவிடும். கதிரைத் துணியால் பிடித்துக்கொண்டு, அடிச்சக்கையின் நடுவில் கத்தி முனையால் சிறிதாகக் குத்தி வழிசெய்தபின் குச்சியைச் சுழற்றியவாறு நான்கு விரற்கடை ஆழத்துக்குச் செருகுங்கள். ஐஸ்கிரீம் குச்சி இதற்குத் தாங்காது.

மயோனைஸையும் க்ரீமையும் அரை எலுமிச்சையின் சாற்றுடன் கலந்து, கதிருக்கு ஒன்றரை மேசைக்கரண்டி வீதம் சிறு தூரிகையாலோ கரண்டியின் முதுகாலோ தடவுங்கள். முத்துகளின் வரிசை கண்ணுக்குத் தெரியும்படி மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். பாலாடைக்கட்டியைப் பிடித்து வைப்பதே அதன் முதல் வேலை. கதிர் சூடாக இருக்கும்போதே, தட்டில் பரப்பிய பாலாடைக்கட்டியின்மேல் லேசாக அழுத்தி உருட்டுங்கள். பிறகு ஒரு சாண் உயரத்திலிருந்து மிளகாய்த்தூளைத் தூவினால் திட்டுத்திட்டாக விழாமல் பரவும். மீதி எலுமிச்சையை உண்பவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். முன்கூட்டியே மேலே பிழிந்தால் பூச்சு நீர்த்து, பாலாடைக்கட்டியோடு சேர்ந்து வடிந்துவிடும்.

எஸ்கித்தேஸ்

இதற்குப் பச்சைக் கதிரிலிருந்தே முத்துகளைச் சீவ வேண்டும். அகலத் தட்டில் கதிரைச் செங்குத்தாக நிறுத்தி, கத்தியை மேலிருந்து கீழாக இறக்குங்கள். சக்கையைத் தொடும் அளவுக்கு ஆழமாகச் சீவினால் நார் வாயில் தட்டும். சீவியபின் கத்தியின் முதுகால் சக்கையை வழித்தால் மீதிப் பாலும் வந்துவிடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கைகளை வீசிவிடாமல் 4 கோப்பைத் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினால் இளமஞ்சள் நிறத்தில் மணமான சாறு கிடைக்கும்.

ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் சூடானதும் பொடியாக நறுக்கிய பாதி வெங்காயத்தையும் இரண்டு பச்சை மிளகாயையும் வதக்கி, நான்கு கதிரின் முத்துகளைப் போட்டு 5 நிமிடம் கிளறுங்கள். 2 கோப்பைச் சாற்றை ஊற்றி உப்பிட்டு மூடி, சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம் வைத்தால் முத்துகள் குழையாமல் வெந்திருக்கும். மெக்சிகோவில் இந்தக் கட்டத்தில் எபசோத்தே என்னும், மண்ணெண்ணெய் சாயலில் மணம் வீசும் மூலிகையின் ஓர் இணுக்கு சேரும். அதற்கு ஈடாக நம் கடைகளில் எதுவும் இல்லை. கொத்தமல்லித்தழை வேறு சுவை. வேண்டுமானால் இறுதியில் கொஞ்சம் போடலாம், போடாவிட்டாலும் குறைவில்லை.

கோப்பையில் பாதியளவு முத்துகளை இட்டு, சிறிது மயோனைஸும் பாலாடைக்கட்டியும் சேர்த்து, மேலும் முத்துகளை நிரப்பி, ஒரு கரண்டி சாற்றை ஊற்றி, மறுபடி மயோனைஸ், பாலாடைக்கட்டி, மிளகாய்த்தூள், எலுமிச்சை என முடிக்க வேண்டும். எல்லாவற்றையும் மேலே மட்டும் போட்டால் அடிவரை எட்டாது. சாற்றை விட்டுவிடுவோர் பண்டத்தின் பாதியை விட்டுவிடுகிறார்கள் என்பது என் கருத்து. மெக்சிகோ நகரத்தில் கோழிக்கால்களையோ எலும்பு மஜ்ஜையையோ சேர்த்துக் கொதிக்கவைக்கும் வண்டிகளும் உண்டு. இளைஞர்கள் விரும்புவது மற்றொன்று: மக்காச்சோளச் சிப்ஸ் பாக்கெட்டைப் பக்கவாட்டில் கிழித்து, அதற்குள்ளேயே எஸ்கித்தேஸைக் கொட்டித் தருவார்கள். அதற்கு மட்டும் சாற்றை நன்றாக வடித்துவிட வேண்டும், இல்லையேல் சிப்ஸ் நமுத்துவிடும்.

மயோனைஸ் பூசிய கதிரை மறுநாளுக்கு எடுத்து வைக்க வேண்டாம். விருந்தினர் வருவதாக இருந்தால் கதிரை மட்டும் முன்கூட்டி வேகவைத்து, உப்புநீரோடு மூடிக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வரை வைக்கலாம். பரிமாறும் நேரத்தில் இட்லிப் பாத்திரத்தில் 5 நிமிடம் ஆவியில் சூடாக்கி, மேலே சொன்னபடி ஈரம் போக்கிப் பூசிக்கொள்ளலாம். மிளகாய்த்தூள் காற்றுப் புகாத புட்டியில் ஒரு மாதம் வரை மணம் குறையாமல் இருக்கும். உப்புப் பனீரை மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.